அஞ்சலாட்சி சொன்னதும் லூசியா சொன்னதும்

விழுப்புரம்,
சனிக்கிழமை.

அன்பு மகள் வெனிலாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் லூசியா அத்தையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், குறையெல்லாம் வாயில்தான், அதைப் பின்னால் சொல்கிறேன். நீ அந்த ஷில்லாங் மழையில் சளி பிடிக்காமல், வேளைக்குச் சாப்பிட்டு, அனாட்டமி புத்தகத்தை நெஞ்சில் கவிழ்த்துப் போட்டுத் தூங்காமல் படிக்க மாதா துணை இருக்கட்டும். இந்தப் பார்சலில் வேர்க்கடலையை வறுத்து இடித்த மல்லாட்டை உருண்டையும் கேப்பை மாவும் இருக்கிறது, உருண்டையைத் தகர டப்பாவில் போட்டு மூடி வை, அங்கே இருக்கிற ஈரத்துக்கு நாலு நாளில் பூசணம் பூத்துவிடும். உன் ஹாஸ்டல் வார்டன் வாரம் முழுக்கப் போனைப் பூட்டி வைத்துக்கொள்கிற புண்ணியத்தால் நான் பேனாவைப் பிடிக்க வேண்டியதாகிவிட்டது. கையெழுத்துப் புரியவில்லை என்று சொல்லாதே, பேனல் போர்டுக்கு வயரிங் படம் போடுகிற கை, கோடு நேராக வரும், எழுத்து வராது. இன்னொன்றும் இப்போதே சொல்லிவிடுகிறேன், எனக்கு வயது இப்போதுதான் நாற்பதைத் தொடுகிறது, ஸ்பேனரும் கையுமாக ஓடுகிற ஆளிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து தத்துவம் பேசுகிற அப்பாவை எதிர்பார்க்காதே, எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

போன ஞாயிற்றுக்கிழமை போன் கையில் கிடைத்த ஒரு மணி நேரத்தில் நீ அனுப்பிய மெசேஜைப் படித்தேன். படித்தேன் என்பதைவிடத் தள்ளினேன் என்று சொல்ல வேண்டும், கட்டைவிரல் வலித்துப் போச்சு. அத்தையைக் கட்டிக்கப் போகிற ஆஸ்வின் மாமா தலைவர்கள் சொன்னதை எடுத்துச் சொன்னால் நீங்கள் எல்லாரும் தலையாட்டுகிறீர்கள், அத்தை ஒரு கதையில் வர்ற பெண் சொன்னதை எடுத்துச் சொன்னால் மட்டும் ஏன் சிரிக்கிறீர்கள், கதையில் வர்ற வார்த்தைக்கு அந்த மதிப்பு கிடையாதா என்று கேட்டிருந்தாய். கேட்டதோடு விட்டாயா, அதற்குக் கீழே உலகத்தில் இருக்கிற கதைகளுக்கெல்லாம் வக்காலத்து வாங்கி நீளமாக எழுதியிருந்தாய், ஊசி போடப் படிக்கப் போனாயா பட்டிமன்றம் நடத்தப் போனாயா தெரியவில்லை. அந்தக் கதைப் புத்தகத்தை ரயில் ஏறுகிற அன்றைக்கு அத்தை கையில் கொடுத்துவிட்டுப் போனதே நீதான். பெட்ரோலை ஊற்றிவிட்டு ஷில்லாங்கில் போய் உட்கார்ந்துகொண்டு அங்கே ஏன் எரிகிறது என்று கேட்கிறாய்.

அத்தை உன்னிடம் அழுதுகொண்டே சொன்னதில் பாதி விட்டுப்போயிருக்கிறது, அதனால் வரிசையாக எழுதுகிறேன். பெண் பார்க்க வந்த அன்றைக்கு ஆஸ்வின் நம் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டே பெண்கள் முன்னேற்றத்தைப் பற்றி ஒரு தலைவர் சொன்னதைச் சொன்னான், எந்த ஊர்க் கூட்டத்தில் எந்த வருஷம் சொன்னார் என்பதோடு சேர்த்துச் சொன்னான். திண்டிவனத்தில் அரசாங்கப் பரீட்சைக்கு ஆள் தயார் பண்ணுகிற சென்டரில் பாடம் எடுக்கிற ஆள், தேதி பிசகாது. பஜ்ஜி ஆறிப்போனது, எங்களுக்கெல்லாம் மனசு நிறைந்துபோனது. உன் அம்மா உள்ளே வந்து இன்னாங்க இப்படி ஒரு மாப்பிள்ளை நமக்கா என்றாள். அத்தை ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கிற வேலையைப் பற்றி அன்றைக்கு ஒரு பேச்சும் வரவில்லை, தலைவர் பேசி முடித்ததால் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. மோதிரம் மாற்றியாச்சு, இங்கே நம் கோயிலிலும் திண்டிவனத்தில் அவர்கள் கோயிலிலும் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய கல்யாண ஓலையில் முதல் ஓலை வாசித்தாச்சு. இன்னாரும் இன்னாரும் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார்கள், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று ஃபாதர் வாசித்தபோது பக்கத்து பெஞ்சில் இருந்தவர்கள் அத்தையைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அதற்கு அடுத்த நாள் ஆஸ்வினும் அவன் அம்மா அமலோற்பவமேரியும் வந்து, கல்யாணத்துக்கு அப்புறம் எக்ஸ்ரே வேலை வேண்டாம், ராத்திரி டூட்டி எல்லாம் எங்க வீட்டுக்குச் சரிப்படாது, இப்பவே எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடட்டும் என்றார்கள். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் ஏழு கடலா இருக்கிறது, நான் தினமும் காலையில் இங்கிருந்து ரயிலேறி அங்கே ஒர்க்‌ஷாப்புக்குப் போய் மோட்டார் சுற்றிவிட்டு சாயங்காலம் திரும்பி வருகிறேன், எனக்கு வராத கேடு அவளுக்கு மட்டும் எங்கிருந்து வரும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பேசிக்கலாம் என்றேன்.

அத்தை வேலையை விடமாட்டேன் என்றாள். ஆஸ்வின் சிரித்துக்கொண்டே குடும்பத்தின் அருமையைப் பற்றி இன்னொரு தலைவரை இறக்கினான். பெண் முன்னேற்றத்துக்கு ஒருத்தர், பெண் வீட்டில் இருப்பதற்கு ஒருத்தர், ஒரே சட்டைப்பையில் இரண்டு பேரையும் வைத்திருக்கிறான், பசிக்கிறபோது ஒருத்தர் தாகத்துக்கு ஒருத்தர். அப்போதுதான் அத்தை நீ கொடுத்த புத்தகத்தில் வருகிற அஞ்சலாட்சியை எடுத்தாள். மரக்காணம் பக்கத்து உப்பளத்தில் வேலை செய்கிறவளாம், புருஷனாகப் போகிறவன் உப்பளத்துக்குப் போகாதே என்றபோது, என் கை கத்துக்கிட்ட வேலையை என் வாயாலயே வுட்டுட்டேன்னு சொல்ல வெச்சா, அப்புறம் இந்தக் கை யாரு கைய்யி என்று கேட்டாளாம். ஆஸ்வின் விழுந்து விழுந்து சிரித்தான். யாரு அந்தம்மா, எந்தக் கட்சி, எந்த வருஷம் பொறந்தாங்க, எங்க பசங்க நோட்ஸ்ல எழுதிக்கணுமே என்றான். அமலோற்பவமேரி அம்மாவும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் வெனிலா, அதை மறைக்கவில்லை, சிரிப்பு வந்தது, சிரித்தேன்.

அன்றைக்கு நான் அத்தையிடம் சொன்ன நியாயத்தையும் எழுதுகிறேன், ஏனென்றால் அதில் பாதியை இன்னும் நான் விடவில்லை. தலைவர் என்றால் நிஜ ஆள். அடி வாங்கியிருப்பார், ஜெயிலில் கிடந்திருப்பார், சொந்த ஜாதிக்காரனே காறித் துப்பியிருப்பான், அதையெல்லாம் தாங்கிக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னார் என்றால் அந்த வார்த்தைக்கு லோடு கொடுத்துப் பார்த்தாச்சு என்று அர்த்தம். உன் அஞ்சலாட்சி என்ன தாங்கினாள்? ஃபேனுக்குக் கீழே காபி குடித்துக்கொண்டு ஒருத்தர் எழுதினார், அவள் பேசினாள். அவள் ஜெயிப்பதும் தோற்பதும் அந்த ஆள் இஷ்டம். நான் ஒரு மோட்டாரைப் பெஞ்சில் வைத்து இது நூறு அடி ஆழத்திலிருந்து தண்ணீர் இறைக்கும் என்று பேப்பரில் எழுதிவிட்டால் அது இறைத்துவிடுமா, கிணற்றில் இறக்கிப் பார்க்க வேண்டாமா என்று கேட்டேன். அத்தை அவள் பாட்டுக்கு வெங்காயம் அரிந்தாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு டீ கேட்டேன், வரவில்லை.

இரண்டாவது ஓலையும் போன ஞாயிற்றுக்கிழமை வாசித்தாச்சு. இந்தத் தடவை அத்தை சிரிக்கவில்லை, ஓலை வாசிக்கிற நேரம் பார்த்து வெளியே போய் செருப்பு வரிசைக்குப் பக்கத்தில் நின்றாள். அதற்கப்புறம் நடந்ததெல்லாம் உனக்குத் தெரியாது. நம் குடும்பக் குரூப்பில் ஆஸ்வினையும் அவன் அம்மாவையும் சேர்த்ததிலிருந்து தினம் காலையில் சூரியன் வருகிறதோ இல்லையோ அவன் அனுப்புகிற தலைவர் வந்துவிடுவார், ஒரு ரோஜாப்பூ, ஒரு ஆவி பறக்கிற டீக்கப், நடுவில் ஒரு தலைவர் படம், பக்கத்தில் பொன்மொழி. தலைவர் பாவம், உயிரோடு இருந்தபோது இவ்வளவு டீ குடித்திருக்க மாட்டார். நாங்கள் எல்லாரும் கைகூப்புகிற பொம்மையைத் தட்டிவிட்டு வேலைக்குப் போவோம். புதன்கிழமை காலையில் வந்த படத்தில், கை கற்ற தொழிலை வாய் துறக்குமாயின் அந்தக் கை யாருடைய கை என்று இருந்தது, கீழே ஒரு பெரிய தலைவரின் பேரும் படமும். எவனோ ஒருத்தன் அஞ்சலாட்சியின் வாயிலிருந்து வார்த்தையைப் பிடுங்கி, குளிப்பாட்டி, இஸ்திரி போட்டு, தலைவர் வாயில் வைத்திருக்கிறான். நான் ரயிலில் நின்றுகொண்டு அதைப் பார்த்தேன், பார்த்ததும் கைகூப்பினேன். உன் அம்மா கைகூப்பினாள். செஞ்சியிலிருந்து உன் புனிதா சித்தி கைகூப்பியதோடு எவ்வளவு ஆழம் என்று வேறு எழுதினாள். அமலோற்பவமேரி அம்மா பையன் அனுப்பியதற்கு முதல் ஆளாகக் கைகூப்பியிருந்தார்கள். வேலையை விடாதே என்று சொல்கிற வார்த்தையை, வேலையை விடு என்று சொல்லிக்கொண்டிருக்கிற ஆளே அனுப்புகிறான், அதை ஒருத்தருமே படிக்கவில்லை. அனுப்பினவனும் படிக்கவில்லை, கும்பிட்டவர்களும் படிக்கவில்லை.

படித்த ஒரே ஆள் அத்தை. அவள் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டாள், அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் ஆஸ்வின் அனுப்பிய படம் அழிக்கப்பட்டது, தலைவரும் போனார் டீயும் போனது, எங்கள் கைகூப்பல் மட்டும் யாரைக் கும்பிடுகிறது என்று தெரியாமல் வரிசையாக நின்றுகொண்டிருந்தது. நான் ஒர்க்‌ஷாப்பில் ஷட்டரைத் தூக்குவதற்குள் அவனிடமிருந்து போன். மச்சான், உங்க தங்கச்சி எங்க அம்மா இருக்கிற குரூப்ல என்னை அசிங்கப்படுத்திட்டா என்றான். சொன்னது தப்பா மாப்ளே, அதே வரிதானே என்றேன். வரி இன்னா மச்சான் வரி, வரியா முக்கியம், யாரு சொன்னாங்கன்றதுதானே முக்கியம், தலைவரே சொல்லியிருந்தாலும் அதுக்கு ஒரு கான்டெக்ஸ்ட் இருக்கும், இவ பொம்பளை, குரூப்ல போட்டோ எடுத்துப் போடறா என்றான். சரி இனிமே அந்த வரியை நீ ஏத்துக்கிறியா இல்லையா, காலையில நீதானே அனுப்புன என்று கேட்டேன். நான் டெய்லி நூறு பேருக்கு அனுப்பறேன் மச்சான், எல்லாத்தையும் படிச்சிக்கினு இருக்க முடியுமா என்றான். சொன்னான் வெனிலா, பாடம் எடுக்கிற வாத்தியார், வாயைத் திறந்து இதைச் சொன்னான்.

அன்றைக்கு மண்டகப்பட்டிலிருந்து தேவநாதன் என்று ஒரு விவசாயி எரிந்துபோன மோட்டாரை டாடா ஏஸில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஏழரை எச்பி மோட்டாருங்க, ஒரு போகத்துக்குக்கூட தாங்கலை என்றார். திறந்து பார்த்தேன், உள்ளே இருந்தது ஐந்து எச்பி, வெளியே ஏழரைக்கான நேம் பிளேட்டை ரிவெட் அடித்து ஒட்டியிருக்கிறான் விற்றவன். எங்கள் தொழிலில் இது புதிதில்லை. பிளேட்டைப் பார்த்து வாங்கினீங்களா, கரண்ட் எவ்ளோ இழுக்குதுனு பார்த்தீங்களா என்று அவரிடம் எரிந்து விழுந்தேன். சாதாரணமாக நான் வாடிக்கையாளரிடம் இப்படிப் பேசுவது கிடையாது. அவரும் விடவில்லை, நீங்க பிளேட்டு பார்க்காமதான் இத்தினி நாளா வாங்குறீங்களா என்றார். கோபத்தோடு உட்கார்ந்து காயிலைப் பிடுங்கினேன். என் கோபம் அவர் மேல் இல்லை என்று அவருக்கும் தெரிந்திருக்கும், டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தையிடம், ஒரு கதைப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு ஏன் இப்படிப் பேஜாரு பண்ணுகிறாய், ஓலை இரண்டு வாசித்தாச்சு, மூன்றாவது மட்டும்தான் பாக்கி, ஊர் என்ன சொல்லும் என்று ஆரம்பித்தேன். அவள் என்னை முடிக்க விடவில்லை. அண்ணே, புக்கை நானா புடிச்சிக்கினேன், நீங்கதான் புடிக்க வெச்சீங்க என்றாள். மோதிரம் மாத்தறதுக்கு முந்தின நாளே வேலையை வுடமாட்டேன்னு உங்ககிட்ட சொன்னேன், எல்லாம் பேசிக்கலாம்னீங்க. அண்ணிகிட்ட சொன்னேன், கல்யாணம் ஆனா சரியாப்பூடும்னாங்க. அவங்க வந்தப்ப அவங்க மூஞ்சிக்கு நேரா சொன்னேன், தலைவரை வெச்சு அடிச்சாரு. நான் சொன்னா என் வாயிலேர்ந்து காத்துதான் வருதுனு நினைச்சீங்க. கடைசியில அஞ்சலாட்சி சொன்னானு சொன்னேன், அப்பத்தான் நீங்க எல்லாரும் யாரு அவனு திரும்பிப் பார்த்தீங்க. சிரிச்சாலும் பரவாயில்லை, காதுல விழுந்துச்சில்ல. எனக்கு அந்தப் புக்கு முடிவுகூட புடிக்கலை, அவ கடைசியில ஊரை வுட்டுப் போயிடறா, நான் எதுக்குப் போகணும், என் ஊரு இது, என் வேலை இது, இந்தக் கல்யாணம்தான் எனக்கு வேணாம். இப்படிச் சொல்லிவிட்டு டூட்டிக்குக் கிளம்பிப் போய்விட்டாள், டிபன் பாக்ஸைக்கூட எடுக்கவில்லை. உன் அம்மா என்னைப் பார்த்தாள். இன்னா என்னையே பாக்குற என்றேன். ஒண்ணுமில்லைங்க, பதில் சொல்லுவீங்கனு பாத்தேன் என்றாள்.

அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மறுநாள் ரயிலில் உட்கார்ந்து படித்தேன். உனக்காக இல்லை, தப்பு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க. எழுதினவருக்கு மோட்டார் விஷயம் ஒன்றும் தெரியவில்லை, வருஷக்கணக்காக உப்புத்தண்ணீர் இறைக்கிற பம்பு அவர் கதையில் ஒரு தடவைகூட ரிப்பேருக்குப் போகவில்லை, நிஜத்தில் உள்ளே சுற்றித் தண்ணீரைத் தள்ளுகிற இம்பெல்லரை உப்பு அரித்துத் தின்றிருக்கும். மழை வருகிற இடமெல்லாம் இரண்டு பக்கம் மழை, பக்கத்தைத் திருப்பினால் நாம் நனைந்துவிடுவோம் போலிருக்கிறது. ஆனால் ஒன்று. தலைவர்கள் ஊர் ஊராகப் போய் ஆயிரம் கூட்டத்தில் ஆயிரம் பேசியிருக்கிறார்கள், அதில் எவனுக்கு எது வேண்டுமோ அதை வெட்டி எடுத்துக்கொண்டு போகலாம், கேட்க அவர்கள் வரமாட்டார்கள். இந்த அஞ்சலாட்சி சொன்ன அந்த ஒரு வார்த்தைக்கு, அடுத்த பக்கத்திலிருந்தே அவள் தலையில் என்ன விழுந்தது, யார் யார் பேச்சை நிறுத்தினார்கள், சோற்றுக்கு என்ன செய்தாள் என்று கடைசிவரை கூடவே போய்ப் பார்க்க முடிகிறது. அந்த மட்டுக்கு அது யோக்கியமான சரக்குதான். இதை ஒத்துக்கொள்கிறேன், இதற்கு மேல் ஒத்துக்கொள்ள மாட்டேன், இதை வைத்து அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்னொரு முழநீள மெசேஜ் அனுப்பாதே. உன் கேள்விக்குப் பதில் வேண்டுமென்றால், தலைவர் பெரிதா அஞ்சலாட்சி பெரிதா என்று தராசு பிடிப்பதே வெட்டி வேலை. தலைவர் பட்ட அடியை ஆஸ்வின் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறான். நீ அஞ்சலாட்சி பட்ட அடியை உன் கணக்கில் எழுதிக்கொள்ளப் பார்க்கிறாய். அடி வாங்கப் போவது லூசியா, அவளுக்குத்தான் வேலை போகும், ராத்திரியும் பகலும் அந்த வீட்டில் இருக்கப் போவது அவள், அவள் வார்த்தையை மட்டும் எடுத்து எவனும் பார்க்கவில்லை, நீயும்தான், நானும்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒர்க்‌ஷாப்பை ஜல்தியாக மூடிவிட்டு, ஸ்டேஷனிலிருந்து நேராகக் கோயிலுக்குப் போனேன். ஃபாதர் என்னைப் பார்த்ததும், வாங்க அருண், ஆம்ப்ளிஃபயர்ல கொர்ருனு ஒரு சத்தம், அதைக் கேட்டுட்டுத்தான் வந்தீங்களா என்றார். எர்த் விட்டுப்போயிருந்தது, அதை முறுக்கிக்கொண்டே, ஃபாதர் ஞாயித்துக்கிழமை மூணாவது ஓலை வாசிக்க வேண்டாம் என்றேன். அவர் ஒன்றும் பதறவில்லை, இன்னா காரணம் என்றார். நான் ஃபால்ட் ரிப்போர்ட் மாதிரி வரிசையாக அடுக்கினேன், பையன் சொல்வது ஒன்று செய்வது ஒன்று, வேலையை விடச் சொல்கிறார்கள், மரியாதை இல்லை, குரூப்பில் நடந்தது, போனில் பேசியது, அவன் எந்தத் தலைவரைச் சொன்னான், இவள் எந்தக் கதையைச் சொன்னாள் என்பதுவரை சொன்னேன். அவர் பாதியில் கையைக் காட்டினார். அதெல்லாம் இருக்கட்டும் அருண், லூசியா இன்னா சொல்லுது என்றார். வேண்டாங்குது ஃபாதர் என்றேன். அதை முதல்லயே சொல்லியிருக்கலாமே, பீடத்துக்கு முன்னாடி நிக்க வெச்சு முழு மனசோடதான் வந்தியானு நான்தானே அந்தப் பொண்ணைக் கேக்கப் போறேன், நீங்க சொல்ற காரணத்தை எல்லாம் அங்க யாரு கேக்கறாங்க என்றார். அப்போ வாசிக்க மாட்டீங்களே என்றேன். நாளைக்குக் காலையில அதையே வந்து லூசியாவைச் சொல்லச் சொல்லுங்க, நீங்க சொல்றதும் அது சொல்றதும் ஒண்ணு கிடையாது என்றார். எனக்குச் சுருக்கென்றது. சத்தம் நின்றுவிட்டதா என்று மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

இன்றைக்குக் காலையில் அத்தை டூட்டி முடித்து வந்ததும் ஃபாதர் கூப்பிட்டதைச் சொன்னேன். முகத்தைக் கழுவிவிட்டு உடனே கிளம்பினாள். நானும் வரட்டுமா என்று கேட்டேன். எதுக்கு என்றாள். புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போகவில்லை, நான் மேஜையைப் பார்த்தேன், அங்கேயேதான் கிடந்தது. போனவள் உன் அம்மா தோசைக்கல்லைக் காயவைப்பதற்குள் திரும்பி வந்துவிட்டாள். இன்னா சொன்ன என்று உன் அம்மா கேட்டதற்கு, வேண்டாம்னு சொன்னேன், சரின்னாரு, தோசை ஊத்துங்க அண்ணி பசிக்குது என்றாள்.

மத்தியானம் அமலோற்பவமேரி அம்மாவிடமிருந்து போன் வந்தது, திண்டிவனத்துக் கோயிலுக்கும் இங்கிருந்து தகவல் போய்விட்டது போலிருக்கிறது. ஒரு கதைப் புக்கைப் படிச்சிட்டுக் கல்யாணத்தை நிறுத்தின குடும்பம்னு ஊரெல்லாம் சிரிக்கப் போவுது, யாரு அவளுக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது, உன் பொண்ணு குடுத்த புக்கா, நீயா, உன் பொண்டாட்டியா, யாரு சொன்னது, சொல்லுப்பா என்று ஒரே சத்தம். எனக்கு வாயில் நாலு நல்ல வார்த்தை வந்தது, அந்தக் காலைப் படங்களைப் பற்றி, அவர் பையனின் நூறு பேரைப் பற்றி. ஒன்றையும் சொல்லவில்லை. லூசியா சொன்னா என்றேன். அது சரி, அவளுக்கு யாரு சொன்னது என்றார்கள். லூசியாதாம்மா சொன்னா என்றேன். அவர்களுக்கு அது விளங்கவே இல்லை, சத்தியமாக விளங்கவில்லை, அப்புறமும் யாரு யாரு என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள், நான் போனை வைத்துவிட்டேன். மோதிரமும் புடவையும் திரும்பிப் போகும், சத்திரத்துக்காரனிடம் நான் பேச வேண்டும், நாளைக்கு ஓலையில் பேர் வராதபோது பக்கத்து பெஞ்சு மறுபடியும் திரும்பிப் பார்க்கும். அத்தை முன்வரிசையில் உட்காருகிறேன் என்கிறாள். உட்காரட்டும்.

கடைசியாக ஒரு விஷயம். உன் ரூமில் கூட இருக்கிற பெண்ணோடு சரிப்படவில்லை, வேறு ரூம் கேட்டு நான் வார்டனுக்கு எழுத வேண்டும் என்று மெசேஜின் வாலில் கேட்டிருந்தாய். எழுதமாட்டேன். நீயே நேரில் போய், எனக்கு இந்த ரூம் வேண்டாம், இன்ன காரணம் என்று சொல். தலைவரையும் கூட்டிக்கொண்டு போகாதே, அஞ்சலாட்சியையும் கூட்டிக்கொண்டு போகாதே, அப்பா சொன்னார் என்றும் சொல்லாதே. முதல் தடவை அந்தம்மா காதில் விழாது. மறுபடியும் போ.

மழையில் குடை இல்லாமல் போகாதே, ஈரத் துணியை அறைக்குள் காயப்போடாதே. அம்மா முத்தம் தரச் சொன்னாள், அத்தை ஒன்றும் சொல்லச் சொல்லவில்லை, உனக்கு அவளே தனியாக எழுதுவாளாம். மாதா உன்னைக் கையைப் பிடித்து நடத்தட்டும், உன் படிப்பையும் உடம்பையும் ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும். பார்சல் கைக்கு வந்ததும் ஞாயிற்றுக்கிழமை ஒரு வார்த்தை போடு, ஒரு வார்த்தை போதும்.

உன் அப்பா,
மரிய அருண்.